பாதியில் நின்ற பச்சைக் கோடு

அத்தியாயம் 6

லூமிர் கோவாரிக்கின் கராஜுக்குள் நுழைந்ததும் லானி பீபர் முதலில் செய்த காரியம், இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டதுதான்.

"என்ன, குளிருதா?" என்றாள் ஓபல் மராசெக்.

"இல்ல ஷெரிஃப். இங்க எதைத் தொட்டா எது வெடிக்கும்னு தெரியல. பத்து விரலோட வந்தேன், பத்து விரலோட போகணும்."

ஓபல் ஷெரிஃப் இல்லை. துணை ஷெரிஃபாகப் பல வருஷம் இருந்துவிட்டு, ஷெரிஃப் தேர்தலில் நின்று, ஒரு சர்ச் பெஞ்சில் உட்காரக்கூடிய அளவு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றவள். அடுத்த மாதமே பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டாள். அவளுடைய உதவியாளன் லானி, அதற்கு முன்னால் நெப்ராஸ்கா விவசாயிகளுக்கு ஆலங்கட்டி மழை இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். வானம் ஒத்துழைக்காததால் இங்கே வந்து சேர்ந்தான். அவளை ஷெரிஃப் என்று கூப்பிடுவதை அவன் நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

லூமிர் இருவரையும் அமர்த்திய விஷயம் இதுதான். போன மாதம் டர்க்கி க்ரீக் பிஸ்டல் கிளப்பில் நடந்த போட்டியில், கிளப் தலைவர் ஆர்லன் டீட்ஸின் கையிலிருந்த பிஸ்டல் வெடித்தது. தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளேயே கிழிந்து, நெருப்பு கீழே இறங்கி, கைப்பிடியைப் பிளந்து, அவருடைய வலது உள்ளங்கையையும் பிளந்தது. தையல் போட்டார்கள். தரையில் கிடந்த கூட்டை எடுத்துப் பார்த்தால் அதன் அடியில் பச்சை மையில் ஒரு கோடு.

கிளப்பில் ஆளுக்கு ஒரு நிறம் உண்டு. சுட்டு முடித்ததும் எல்லோரும் புல்லில் குனிந்து தங்கள் தங்கள் நிறக் கூட்டைப் பொறுக்கிக்கொள்வார்கள். வீட்டில் அதையே மறுபடி நிரப்பிச் சுடுவார்கள். பச்சை நிறம் லூமிருடையது. அவர் தன் கையால் நிரப்பிய ஒரு பெட்டித் தோட்டாவை ஆர்லனின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்ததும் ஊருக்கே தெரியும். பிறகு என்ன? ஷெரிஃப் அலுவலகம் விபத்து என்று சொல்லிக் கை கழுவிவிட்டது. கிளப் கழுவவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து முடிந்ததும் ஓட்டெடுப்பு. கிளப்பின் பாதுகாப்பு அதிகாரியான லூமிரை ஆயுசுக்கும் உள்ளே சேர்ப்பதில்லை என்று தீர்மானம் தயாராக இருந்தது.

"கிளப்பு கிடக்குது, ஓபல்" என்றார் லூமிர். எழுபதைத் தாண்டிய, நெட்டையான மனிதர். சட்டைப் பாக்கெட்டில் பச்சை மார்க்கர் பேனா குத்தியிருந்தது. "ஆர்லன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறான். மளிகைக் கடையில எதிர்ல வந்தான், அப்படியே திரும்பி நாய் பிஸ்கட் பக்கம் போயிட்டான். அவன் வீட்டுல நாயே கிடையாது."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. லானிக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடமாக இருந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"நாய் வாங்கப் போறாரோ என்னவோ" என்றான்.

"லானி" என்றாள் ஓபல்.

"சரி, சரி."

லூமிர் அலமாரியிலிருந்து ஒரு காபி டப்பாவை எடுத்து லானியிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் திறந்து குடுப்பா."

லானி திறந்தான். காபி வரும் என்று எதிர்பார்த்தான். உள்ளே பித்தளைக் கூடுகள் இருந்தன.

"எல்லாக் கூடும் ஒண்ணு கிடையாது" என்றார் லூமிர். "வெளியிலேருந்து பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். உள்ள ஒருத்தன் தடிச்ச தோலு, ஒருத்தன் மெலிஞ்ச தோலு. ஒருத்தன் அரை மயிரிழை நீளம் ஜாஸ்தி. அதே வெடிமருந்தைப் போடு, அதே குண்டை வை, ஒண்ணு மேல போகும் ஒண்ணு கீழ போகும். ஆர்லன் சுடறது அப்படித்தான். கதம்பமா கையில கிடைச்ச கூட்டையெல்லாம் நிரப்புவான். அதனாலதான் வருஷா வருஷம் எனக்குப் பின்னாடி வர்றான்."

"எங்க குடும்பமும் அப்படித்தான் சார். வெளியில ஒரே மூஞ்சி, உள்ள ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு."

"வெடிச்ச கூடு எந்த தினுசு?" என்று கேட்டாள் ஓபல்.

"என்னை எங்க பாக்க விட்டாங்க? ஆனா நான் நினைக்கிறது..." லூமிர் கொஞ்சம் தயங்கினார். "போன வருஷம் ஒரு மூட்டை பழைய கூடு வாங்கினேன். அதுல படி வெச்சது கொஞ்சம் கலந்திருந்துச்சு. உள்சுவர்ல மாடிப்படி மாதிரி ஒரு படி. அதனால உள்ள இடம் கம்மி. இடம் கம்மின்னா அழுத்தம் ஜாஸ்தி. படி முடியற இடத்துல சுவரும் மெலிசு. என்னிக்குக் கிழியும்னு சொல்ல முடியாது. தெரியாம ஒரு தடவை நிரப்பிச் சுட்டுட்டேன். துப்பாக்கியோட உதை வேற மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாத்து, படி இருந்ததெல்லாம் பொறுக்கித் தள்ளிட்டேன்."

"எங்க தள்ளுனீங்க?"

"கிளப்புல பழைய பித்தளைக்குன்னு வாளி இருக்கே, அதுல."

"நசுக்கிட்டா?"

"அதானே ரூல்" என்றார் லூமிர்.

ஓபல் சுவரைப் பார்த்தாள். சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. எல்லாம் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன. ஓரத்தில் தொங்கிய பெரிய குறட்டின் மேல் மட்டும் சிலந்தி வலை இருந்தது.

"ஒரு தோட்டா நிரப்பிக் காட்டுங்க" என்றாள்.

லூமிர் வேலை பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்தார். அதில் பொருத்தியிருந்த மிஷினின் கைப்பிடியை முழங்கையால் அமுக்கி, உடம்பு எடையைக் கொடுத்துக் கீழே இறக்கினார். கூட்டின் அடியில், நடுவில், பொட்டு மாதிரி ஒரு சின்ன வட்டம் பதிந்தது. அதற்குப் பெயர் ப்ரைமர். ஊசி வந்து அதில் குத்தினால்தான் மருந்து பற்றும். பழைய பொட்டை எடுத்துவிட்டுப் புதுப் பொட்டு வைப்பதுதான் நிரப்புவதில் முதல் வேலை. பிறகு மருந்து, பிறகு குண்டு. முடிந்ததும் தோட்டாவைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பார்த்து, பாக்கெட்டிலிருந்த பச்சைப் பேனாவால் அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டார்.

"கோடு கடைசியிலதானா?"

"கடைசியிலதான். எல்லாம் சரி பாத்தாச்சுன்னு அர்த்தம். கையெழுத்துப் போடற மாதிரி."

"மறுபடி நிரப்பும்போது பழைய கோடு என்ன ஆகும்?"

"சோளத்தூள்ல போட்டு உருட்டுவேன். மை, கரி எல்லாம் போயிடும். புதுசு மாதிரி ஆயிடும்."

"இந்த ஊர்ல சோளம் செய்யாத வேலையே கிடையாதா?" என்றான் லானி.

* * *

வெடித்த கூடு ஜாம் பாட்டிலில் இருந்தது. பாட்டில் டோரீனிடம் இருந்தது. டோரீன் கிளப்பின் செயலாளர். ஓபலின் அலுவலகத்துக்குக் கீழே இருக்கிற பேக்கரியும் அவளுடையதே. வழக்கின் முக்கியத் தடயத்தை அவள் பாப்பி விதைக் கொலாச்சி பன்களுக்கும் ஆப்ரிகாட் கொலாச்சிகளுக்கும் நடுவில் வைத்திருந்தாள்.

"திறக்கலாமா?" என்றாள் ஓபல்.

"திற. ஆனா கவுன்டர்ல கொட்டாத. ரொட்டி இருக்கு."

ஓபல் கூட்டை ஒரு காகிதத் தட்டில் வைத்து, டார்ச்சை அதன் வாய்க்குள் அடித்தாள். லானியும் குனிந்து பார்த்தான். உள்சுவரில் ஒரு படி, தெளிவாகத் தெரிந்தது. கிழிசல் சரியாக அந்தப் படியின் ஓரத்தில் ஓடியிருந்தது.

லூமிரை லானிக்குப் பிடித்துப்போயிருந்தது. படி வெச்சதைப் பொறுக்கித் தள்ளிட்டேன் என்று அந்தப் பெரியவர் சொன்னார்; ஆனால் ஒன்றைத் தள்ளாமல் விட்டிருக்கிறார். அந்த ஒன்று பிறந்தநாள் பரிசோடு போய்விட்டது. வேறென்ன சொல்வது?

"முடிஞ்சுது ஷெரிஃப்" என்றான் மெல்ல. "நம்ம கட்சிக்காரரே நமக்கு ஆப்பு வெச்சுட்டார்."

ஓபல் கூட்டைக் கவிழ்த்தாள். "அடியில என்ன தெரியுது?"

"பச்சைக் கோடு."

"நல்லாப் பாரு."

"நல்ல பச்சைக் கோடு."

ஓபல் பெருமூச்சு விட்டாள். கூட்டைப் பாட்டிலில் போட்டு மூடிவிட்டு, டோரீனிடம் திரும்பினாள். "டோரீன், அன்னிக்கு ஆர்லன் லூமிர் பேரைச் சொன்னாரா?"

"சொல்லணுமா? பச்சைக் கோட்டைப் பாத்ததும் நாங்கதான் கத்துனோம். ஆர்லன் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்."

"ஆமான்னு சொன்னாரா?"

டோரீன் யோசித்தாள். "ஆமான்னும் சொல்லல. இல்லன்னும் சொல்லல. பாவம், வலி."

"போன மாசம் வலி. இந்த மாசம்?"

"இப்பவும் ஒண்ணும் பேசறதில்ல. ரொம்ப நொந்துபோயிட்டார் மனுஷன். கிளப்போட மானமே அவருக்கு உசுரு. ஞாபகம் இருக்கா, ஒருத்தன் அடுத்தவன் கூட்டை எடுத்துப் பாக்கெட்டுல போட்டான்னு ஒரு சீசன் முழுக்கத் தள்ளி வெச்சாரே? ஒரே ஒரு கூடு! அடுத்தவன் பொண்டாட்டியைத் தொட்டவன்கூட கிளப்புல இருக்கலாம், அடுத்தவன் பித்தளையைத் தொட்டவன் இருக்கக் கூடாதுன்னு மைக்குல பேசினார்."

"பொண்டாட்டிங்க கை தட்டினாங்களா?" என்றான் லானி.

"ஆர்லன் பொண்டாட்டி தட்டல" என்றாள் டோரீன். "கொலாச்சி வேணுமா வேண்டாமா?"

லானி ஆப்ரிகாட் கேட்டான்.

* * *

கிளப் மைதானம் சோளக் காட்டுக்கு நடுவில் இருந்தது. அன்று போட்டி இல்லை. தகரக் கொட்டகையின் ஓரத்தில் அந்த வாளி நின்றது. அதற்கு மேலே ஒரு பலகை. அதில் பெரிய எழுத்தில்: நசுக்கிவிட்டுப் போடு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கீழே லூமிரின் கையெழுத்து, பச்சை மையில்.

அறுவடை முடிந்த பிறகுதான் அந்தப் பித்தளையைக் காயலான் கடைக்குப் போடுவார்கள். அதனால் வாளி கழுத்துவரை நிறைந்திருந்தது. ஓபல் தார்ப்பாய் விரித்து அதைக் கவிழ்த்தாள். இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரார்த்தனை என்று யாராவது நினைத்திருக்கலாம்.

ஏறக்குறைய எல்லாமே நசுங்கிய கூடுகள். சப்பையாக, வாய் மூடி, யாருக்கும் உபயோகப்படாமல் கிடந்தன. அடியாழத்திலிருந்து லானி ஒன்றை எடுத்தான். முழுசாக இருந்தது. கவிழ்த்தான். பச்சைக் கோடு. இன்னொன்று எடுத்தான். அதுவும் முழுசு, அதுவும் பச்சை. டார்ச் அடித்துப் பார்த்தான். படி.

"ஐயையோ" என்றான். "அந்தப் பலகையை எழுதின மனுஷனே நசுக்காமப் போட்டிருக்கார்."

"ம்."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"நசுக்கிட்டீங்களான்னு கேட்டேன். அதானே ரூல்னு சொன்னார். ஆமான்னு சொல்லல. இந்த ஊர்ல யாருமே ஆமா இல்லன்னு பேசறதில்ல." ஓபல் கையை நீட்டினாள். "இங்க குடு. இப்ப கோட்டைப் பாரு. எங்க ஆரம்பிக்குது?"

"இந்த ஓரத்துல."

"எங்க போகுது?"

"நேரா நடுவுல, பொட்டு மேல ஏறி, அந்த ஓரத்துக்கு."

ஓபல் கோட்டுப் பையிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்தாள். லானி அவளைப் பார்த்தான்.

"கேட்டு எடுத்தீங்களா?"

"நீ கொலாச்சி கேட்டுக்கிட்டு இருந்த. இப்ப இதைப் பாரு."

லானி வெடித்த கூட்டின் அடியைப் பார்த்தான். பச்சைக் கோடு ஓரத்தில் ஆரம்பித்தது. நடுவில் பொட்டின் விளிம்பு வரை வந்து நின்றது. பொட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்து ஓரத்துக்குப் போனது. பொட்டு மட்டும் வெள்ளிக்காசு மாதிரி பளபளவென்று இருந்தது. அதில் ஊசி குத்திய பள்ளம் இருந்தது. மை ஒரு துளிகூட இல்லை.

லானியின் வாயில் ஒரு நிமிஷம் வார்த்தையே வரவில்லை. அது அபூர்வமான சம்பவம். ஓபல் அதை ரசித்தாள்.

"பொட்டு புதுசு" என்றான் கடைசியில். "கோடு பழசு. லூமிர் கோடு போட்டாச்சு, சுட்டாச்சு, வாளியில போட்டாச்சு. அப்புறம் யாரோ எடுத்து, பழைய பொட்டைத் தட்டிட்டுப் புதுசு வெச்சு, மருந்து போட்டு..."

"லூமிர் நிரப்பியிருந்தா?"

"கோடு பொட்டு மேலயும் ஏறியிருக்கும். அவர் கடைசியிலதானே போடுவார். அதோட, பழைய கோட்டை உருட்டி அழிச்சிருப்பார்." லானி எழுந்து நின்றான். "அப்ப வாளியிலேருந்து திருடினவன்தான் குற்றவாளி! ஆர்லன் துப்பாக்கியில அதை வெச்சது யாரு?"

"லானி, துப்பாக்கி யாரோடது?"

"ஆர்லனோடது."

"அதுல தோட்டா போட்டது யாரு?"

"ஆர்ல..." லானி நிறுத்தினான். சோளக் காட்டைப் பார்த்தான். திரும்பி ஓபலைப் பார்த்தான். "மைக்குல பேசின ஆர்லனா?"

"இதை வெச்சு மட்டும் சொல்ல முடியாது. இன்னும் ஒரே ஒரு பொருளைப் பாக்கணும்" என்றாள் ஓபல். "நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் போவோம். லூமிரையும் கூட்டிக்கிட்டு."

* * *

மேவிஸ் டீட்ஸ் கதவைத் திறந்தபோது பன்றி இறைச்சி வேகும் வாசனையும் புளித்த முட்டைக்கோஸ் வாசனையும் சேர்ந்து வந்தன. லூமிரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. கணவன் பக்கம் நிற்க வேண்டுமே என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பேஸ்மென்ட்ல இருக்கார்" என்றாள். அவளும் கூடவே இறங்கினாள்.

ஆர்லன் டீட்ஸ் பெஞ்சுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். குட்டையான, திடமான மனிதர். வலது கையில் வெள்ளைக் கட்டு, மணிக்கட்டு வரை. லூமிரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இங்கே ஒதுங்கிப் போக நாய் பிஸ்கட் இல்லை.

"மத்தியானம் ஓட்டெடுப்பு. அதுக்கு முன்னால இங்க எதுக்கு..."

"ஒரே ஒரு விஷயம் ஆர்லன்" என்றாள் ஓபல். "லூமிர் குடுத்த பெட்டியைக் காட்டுங்க. போயிடறோம்."

"தீந்து போச்சு."

"எது தீந்துச்சு?" என்றாள் மேவிஸ். "ரிப்பன் கட்டினதா? அதோ, மேல ஷெல்ஃபுல உங்க கோப்பைங்க நடுவுல இருக்கே. நேத்துதானே தூசி தட்டினேன். அதைத் தொட்டா என் கையை ஒடிப்பேன்னு வேற சொன்னீங்க."

லானி நாற்காலியில் ஏறிப் பெட்டியை எடுத்தான். நீல ரிப்பன் அவிழ்க்கப்படாமல் இருந்தது. ஓபல் ஆர்லனைப் பார்த்தாள். அவர் சம்மதமாகத் தலையை ஆட்டினார். அவள் ரிப்பனை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். வரிசை வரிசையாகத் தோட்டாக்கள் குத்திட்டு நின்றன. ஒரு குழிகூடக் காலி இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைக் கோடு, பொட்டு மேல் ஏறி, ஓரத்திலிருந்து ஓரம் வரை.

ஓபல் வெடித்த கூட்டைப் பக்கத்தில் வைத்தாள். விளக்கம் சொல்லவில்லை. முப்பது வருஷமாகத் தோட்டா நிரப்புகிற இரண்டு பேருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

லூமிர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது என் பொட்டு இல்ல" என்றார்.

"இல்ல" என்றார் ஆர்லன். அவர் அந்த விஷயத்தில் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"வாளியிலேருந்தா எடுத்த?"

"ஆமா."

"நீயா?"

"நான்தான்டா! போதுமா?" ஆர்லன் முகம் சிவந்தது. "என் கூட்டை நீயே பாத்திருக்க. பத்து சுட்டா பத்தும் பத்துத் திசைக்குப் போகும். உன்னோடது ஒரே ஓட்டையில போகும். வாளியைப் பாத்தேன். அடியில பச்சை தெரிஞ்சுது, முழுசா. லூமிர் ஏற்கனவே ஒவ்வொண்ணா பாத்திருப்பான், இதுல எதுவும் கெட்டது இருக்காதுன்னு எடுத்தேன். உன் கோடு இருக்கு, நான் வேற எதுக்கு டார்ச் அடிச்சுப் பாக்கணும்?"

"டேய், அது நான் கெட்டதுன்னு தள்ளினதுடா!"

"அது இப்பத் தெரியுது!" ஆர்லன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

லானிக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சமாளித்தான். "ஒண்ணு கேக்கலாமா சார்? அந்தப் பச்சையை ஏன் அழிக்கல? சோளத்தூள்ல உருட்டியிருந்தா இங்க யாருக்கும் வேலையே இருந்திருக்காதே?"

"அழிச்சா என் குப்பையோட கலந்துடும்ல" என்றார் ஆர்லன், இது கூடவா தெரியாது என்கிற தோரணையில். "நல்லதைத் தனியா வெக்க வேண்டாமா?"

லூமிர் மெல்ல ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "கேட்டிருக்கலாமேடா. ஒரு வாளி குடுத்திருப்பேனே."

"கேக்கறதா? ஒவ்வொரு வருஷமும் உன்கிட்ட தோத்துட்டு, ஜெயிக்கறதுக்கு உன்கிட்டயே கூடு கேக்கறதா? அப்புறம் மைக்குல வேற அந்தப் பேச்சு பேசித் தொலைச்சுட்டேன். வெடிச்சப்ப எல்லாரும் லூமிர் லூமிர்னு கத்துனாங்க. வாயைத் திறக்கலாம்னுதான் பாத்தேன். அன்னிக்குத் திறக்கல. மறுநாள் திறக்க முடியல. அதுக்கப்புறம் நாள் போகப் போக..." அவர் முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "உன் மூஞ்சியைப் பாத்தா சொல்லிடுவேன்னுதான் பாக்கல."

மேவிஸ் கணவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மைக்குல பேசினப்பவே நான் கை தட்டல" என்று மட்டும் சொன்னாள்.

லானி மனசுக்குள் வழக்கை மூடிவிட்டான். கட்சிக்காரர் நிரபராதி; புகார் கொடுக்காத புகார்தாரர் மாட்டிக்கொண்டார்; மேலே இறைச்சி வெந்துகொண்டிருக்கிறது. கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தான். ஓபல் நகரவில்லை.

"லூமிர்" என்றாள். "இப்ப உங்க முறை."

"என் முறையா?"

"வாளியில நசுக்காம போட்டது யாரு?"

ஆர்லன் தலையைத் தூக்கினார்.

"நீங்க நசுக்கியிருந்தா ஆர்லனால எடுத்திருக்க முடியாது" என்றாள் ஓபல். "நேத்து காபி டப்பாவை லானிகிட்ட குடுத்துத் திறக்கச் சொன்னீங்க. மிஷினை முழங்கையால அமுக்குனீங்க. குறட்டு மேல சிலந்தி வலை. கையைக் காட்டுங்க."

நீங்கள் அமர்த்திய துப்பறிவாளரே உங்களைக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? லூமிருக்குக் கோபம் வந்தது, போனது. பிறகு இரண்டு கைகளையும் பெஞ்சின் மேல் வைத்தார். கட்டைவிரல் மூட்டுகள் இரண்டும் வீங்கிக் கோணியிருந்தன.

"ஒரு வருஷமா குறடு புடிக்க முடியல" என்றார். "பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு பித்தளையை நசுக்கத் தெம்பு இல்லன்னு எப்படிச் சொல்றது? வாளிக்கு அடியில தள்ளிட்டா யாரு தோண்டிப் பாப்பாங்கன்னு நினைச்சேன்." அவர் ஆர்லனின் கட்டைப் பார்த்தார். "அந்தக் கைக்குப் பழி என் மேலதான். பலகையை எழுதினவன் நான்."

"எடுத்தவன் நான்" என்றார் ஆர்லன்.

"எடுக்கற மாதிரி வெச்சவன் நான்."

"இதுலயும் நீதான் முதல்ல வரணுமா?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். லானிக்கு என்னவோ அது நல்ல சகுனமாகப் பட்டது. ஒரு மாதமாக முகத்தையே பார்க்காதவர்கள் இப்போது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்களே.

"மிச்சம் எங்க?" என்றார் லூமிர்.

ஆர்லன் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை இடது கையால் இழுத்தார். "நிரப்பினது எல்லாம் தீந்துச்சு. வெறும் கூடுதான் இருக்கு."

"குறடு?"

"இந்தா."

லூமிரால் அழுத்த முடியாது. ஆர்லனுக்கு ஒரு கைதான். ஓபல் உதவிக்குப் போகவில்லை. போக எத்தனித்த லானியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். லூமிர் ஒரு கூட்டை எடுத்துக் குறட்டின் வாயில் வைத்துப் பிடித்தார். ஆர்லன் குறட்டின் ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, மற்றதை இடது உள்ளங்கையால் அமுக்கினார். கூடு சப்பென்று நசுங்கியது.

"கையப் பாத்துக்கடா" என்றார் லூமிர்.

"எந்தக் கைய?"

"மிச்சம் இருக்கறத."

அடுத்தது நசுங்கியது. அதற்கடுத்ததும். மேவிஸ் மேலே போய் இரண்டு தட்டு அதிகம் வைக்கும் சத்தம் கேட்டது.

"லானி" என்றார் ஆர்லன், தலை நிமிராமல். "டோரீனுக்கு போன் பண்ணு. தலைவரும் பாதுகாப்பு அதிகாரியும் வேலையா இருக்காங்க, முடிச்சுட்டு வருவாங்கன்னு சொல்லு. வந்து மைக்குல ரெண்டு பேரும் பேசுவாங்க. முதல்ல நான்."

"அப்புறம் நான்" என்றார் லூமிர்.

லானி போனை எடுத்தான். "அப்படியே ஜாம் பாட்டில் பத்திரமா இருக்குன்னும் சொல்லிடவா ஷெரிஃப்?"

"அதை நான் சொல்லிக்கறேன்" என்றாள் ஓபல்.

கடைசிக் கூடு நசுங்கியதும் லூமிர் கையைத் தேய்த்துக்கொண்டார். அவர் கண் ஷெல்ஃபிலிருந்து இறங்கிய பெட்டியின் மேல் போனது. அவிழ்ந்த ரிப்பனையும் அசையாமல் நின்ற தோட்டாக்களையும் பார்த்தார்.

"ஜெயிக்கணும்னா இதையே சுட்டிருக்கலாமேடா. நல்ல கூடா பாத்துப் பாத்து நிரப்பினது. ஏன் தொடவே இல்ல?"

ஆர்லன் மூடியை மூடினார். ஒரு கையால் ரிப்பனைக் கட்டப் பார்த்தார், முடியவில்லை.

"சுட்டா தீந்துடும்ல" என்றார்.

லூமிர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். ஆர்லனின் வலது கையைப் பிடித்துத் திருப்பி, அந்த வெள்ளைக் கட்டின் மேல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், எங்கேயும் நிறுத்தாமல் ஒரு கோடு இழுத்தார்.

"என்னடா பண்ற?"

"சரி பாத்துட்டேன்" என்றார் லூமிர். "வா, சாப்பிடப் போலாம்."